முன்பக்கம் இறக்கிய கார்

என்னங்க,

உங்கள் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது நீங்கள் மண்ணுக்குள் போன பிறகு, எழுத்தில் மட்டும் எப்படிப் பெயர் வரும்? அதனால் தோட்டத்து லயத்தில், நம் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன். காது கொடுங்கள்.

காரை விற்றுவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். செரண்டாவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். கதவைத் திறந்து பார்க்கவில்லை, இஞ்சினைக் கேட்கவில்லை. வந்ததும் முன்னால் குந்தி உட்கார்ந்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். "மூக்கு ஏன் இப்படி எறங்கியிருக்கு? எங்கயாவது மோதுன வண்டியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. "அது மோதுன வண்டி இல்லலா, அரிசி வண்டி."

யார் குரல் என்று எழுதப் போவதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவசரகாலம் முடிந்து ஊரடங்கை எடுத்தாயிற்று. வேலிக் கம்பியைச் சுருட்டிச் சுருட்டி ஆட்கள் கோழிக்கூண்டு கட்டிக்கொள்கிறார்கள். கேட்டில் நின்று நம் சோற்றுத் தூக்கைத் திறந்து பார்க்க இப்போது ஒருவரும் இல்லை. இத்தனையும் போன பிறகும் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. அதனால்தான் இதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கார் ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய கார். சண்டைக் காலத்தில் யாரோ அதன் பின் சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு விறகும் கரியும் ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் செத்துப்போயிருந்தன. வால் தரையைத் தொட, மூக்கு வானத்தைப் பார்க்க, தவளை உட்கார்ந்த மாதிரி நிற்கும். ஏழாங் கட்டைத் தோட்டத்தில் லோரி டிரைவராக இருந்த நீங்கள், யாரும் சீந்தாத அந்த வண்டியை வாங்கி, மாதக்கணக்கில் தட்டி ஒட்டி, பின்னால் வேறு சீட்டும் போட்டு ஓட வைத்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, பூசைக்கு என்று தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கோலசிலாங்கூருக்குப் போய் வருவீர்கள்.

ஓடியது சரி, திரும்ப மறுத்தது. முன் சக்கரத்தில் பாரமே விழாததால் ஸ்டியரிங் காற்றில் ஆடும். விளக்கைப் போட்டால் ரோடு தெரியாது, ரப்பர் மரத்து உச்சிதான் தெரியும். புக்கிட் பெலிம்பிங் வளைவில் ஒரு மாப்பிள்ளையையும் பெண்ணையும் கால்வாய்க்குள் இறக்கப் பார்த்துவிட்டு வந்த அன்று, நீங்கள் சோறு சாப்பிடவில்லை. புதிய பின் ஸ்பிரிங் கோலாலம்பூரில் இருந்து வரவேண்டும். அதை வாங்கப் போனால் இன்னொரு காரே வாங்கிவிடலாம்.

"பின்னத் தூக்க வக்கில்லன்னா, முன்ன எறக்கிட வேண்டியதுதான்," என்றீர்கள்.

அந்த வேலையில் உங்களுக்கு ஆள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் லோரிக் கொட்டகைக்குப் பின்னால் போவோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ரப்பர் மரக் கட்டைகளை அடுக்குவீர்கள். முன் ஸ்பிரிங் என்பது ஒன்றல்ல, நீளத்தில் இருந்து குட்டை வரை அடுக்கிய இரும்புப் பட்டைகள், நடுவில் ஓட்டை போட்டு ஒரே போல்ட்டால் இறுக்கியவை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பக்கத்துக்கு இரண்டு பட்டைகளை உருவினீர்கள். நான் மண்ணெண்ணெய் ஊற்றித் துரு துடைத்தேன். கட்டையை எடுத்து வண்டியை இறக்கினால் மூக்கு ஒரேயடியாகக் குனிந்துவிட்டது. சக்கரத்தைத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. மறுபடியும் தூக்கி, பக்கத்துக்கு ஒரு பட்டையைத் திரும்பவும் சேர்த்துப் போட்டீர்கள். பழைய லோரி டயரை அறுத்து, பள்ளத்தில் விழும்போது இரும்போடு இரும்பு மோதாமல் மெத்தை வைத்தீர்கள். அப்புறமும் கொஞ்சம் ஆடியது. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்பு ஆப்பு அடித்த பிறகுதான் நின்றது.

வண்டி தரைக்குச் சமமாக நின்றதைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பு! வெளியே வாங்கிய சாமான் ஒன்றுமில்லை. மிஞ்சியது இரண்டு பட்டை. அதைச் சாக்கில் சுற்றி நம் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்கள்.

பேச்சு அந்த வாரமே ஆரம்பித்தது. கொட்டகைக்கு எதிரே உட்கார்ந்து வேலைக்கு ஆள் பிரிக்கும் மண்டோர் நாம் செய்த வேலையெல்லாம் பார்த்திருந்தார். வால் தாழ்ந்த வண்டியில் மூட்டை ஏற்றினால் மூக்கு தூக்கிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும், மூக்கை முன்கூட்டியே இறக்கி வைத்தவனுக்கு அந்தக் கவலை இல்லை என்று யாரோ விளக்கம் சொன்னார்கள். மண்டோர்தான் சொன்னாரா? எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு, நாம் சொல்லும் காட்டுக்காரர்களுக்கு, ஒரு பிடி அரிசி போனாலும் தோட்டத்தையே தண்டிக்கிற காலம். வைத்திருந்து காட்டுக்கு அனுப்ப முடியாதபடி கடையில் டின்னை ஓட்டை போட்டுத்தான் தருவார்கள். சமைத்த சோற்றையும் பால் எடுக்கும் ரப்பர் மலைக்கு எடுத்துப் போக விடமாட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு காரைப் பற்றி அப்படி ஒரு சொல் விழுந்தால் போதும்.

கேட்டில் காவல் இருந்த போலீஸ் சார்ஜன் தோட்டத்துப் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், வளர்ந்த மலாய்க்காரர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். நீங்கள் வெளியே போகும்போதெல்லாம் பின் பம்பரில் ஏறி நின்று அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் பின் சீட்டு இடுக்கில் விரலை விட்டு அரிசி எடுத்தார். நீங்கள் உள்ளங்கையை நீட்டி, வெளிச்சத்தில் பாருங்கள் என்றீர்கள். மஞ்சள் தடவிய அரிசி, போன வாரம் ஏற்றிய கல்யாணத்து அட்சதை. சார்ஜன் சிரிக்கவில்லை. அந்த அரிசியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஊர் சந்தேகப்பட்டது இருக்கட்டும். நான் சந்தேகப்படவில்லையா?

ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் வேலை முடிந்து வந்து ஒருநாள் கட்டிலுக்கு அடியில் கூட்டினேன். சாக்கு இல்லை. கேட்டேன். தோட்டத்துத் தொரை கேட்டார், ஆபீசில் போட்டுவிட்டேன் என்றீர்கள். தொரைக்கு எதற்கு உருவிப்போட்ட பட்டை? கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். சாயங்காலம் ஊரடங்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் காணாமல் போய்விடுவீர்கள். திரும்பும்போது முழங்காலில் மண் இருக்கும். கொட்டகையில் வேலை என்பீர்கள். கொட்டகை மண் கறுப்பு, எண்ணெய் வாடை அடிக்கும். உங்கள் முழங்காலில் இருந்தது செம்மண். கால்சட்டையைத் துவைத்தவள் நான். எனக்குத் தெரியாதா?

அந்தப் பட்டை சாதாரண இரும்பு இல்லை. அதைத்தான் பட்டறையில் பாராங் கத்தியாக அடிப்பார்கள். அரிசியைவிட அது பெரிய குற்றம். நான் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு பாலுக்கு மரம் வெட்டினேன். உங்களிடம் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

அப்புறம் சார்ஜனும் ஆட்களும் வந்தார்கள். நேராகக் காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அரிசியைத் தேடவே இல்லை. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துதான் வந்தார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்தது. உருவின பட்டை எங்கே என்று சார்ஜன் கேட்டார். "ஆத்துல எறிஞ்சிட்டேன்," என்றீர்கள். என்னிடம் ஆபீஸ், அவரிடம் ஆறு. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எறிந்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள். உங்களால் காட்ட முடியவில்லை. அப்படியே கொண்டுபோய்விட்டார்கள்.

கேஸ் இல்லை, கோர்ட் இல்லை, உள்ளே வைத்தால் வைத்ததுதான். ஆபீஸ் கிராணி வந்து, இங்கேயே பிறந்தவனாக இருந்தாலும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். என்னோடு குழாயடியில் நின்று பேசினவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

சார்ஜன் என்னையும் ஸ்டேசனுக்குக் கூப்பிட்டார். நாற்காலி கொடுத்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"ஒன் புருசன் சொல்லிட்டான். பட்டய எடுத்து வெளிய குடுத்தது நீதானாம்."

ஒரு நிமிசம் உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மறைக்க மாட்டேன். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் தெரிந்தவர் அப்படிப் பார்க்கமாட்டார்.

"அவரு அப்படிச் சொல்லியிருந்தா, எங்க குடுத்தேன்னும் சொல்லியிருப்பாரே. அவரையே கேளுங்க சார்ஜன்," என்றேன்.

உங்களைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் தாடியோடு உட்கார்ந்திருந்தீர்கள். காவல்காரன் அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் குனிந்து கேட்டேன். "காட்டுக்கா குடுத்தீங்க?"

"நீயுமா?" என்றீர்கள். அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்டது தப்பு என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளிடம் இரண்டு பொய் சொன்னால் அவள் வேறு என்ன நினைப்பாள்? கேட்காமல் நம்பியிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்களோ?

உண்மை எனக்குக் குழாயடியில் கிடைத்தது. மத்தியான வேளை, லயத்தில் யாரும் இல்லை. கேட்டில் காவல் நிற்கிறவர்களில் ஒருவர் முகம் கழுவுகிற மாதிரி வந்து நின்றார். குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினார். உங்களுக்கு மேற்கு மலைப் பக்கத்துச் சின்னக் கேட்டைத் திறந்துவிட்டது தான்தான் என்றார். வேலிக்கு வெளியே பழைய இடுகாட்டுக்குப் போக வேண்டும், பிள்ளைக்குச் சிலுவை நடவேண்டும் என்று நீங்கள் கேட்டீர்களாம். கையில் சாக்குச் சுற்றிய இரும்பு இருந்ததாம். தனக்கும் பிள்ளை இருப்பதால் திறந்துவிட்டாராம். தன் பெயர் வந்துவிடும் என்றுதான் நீங்கள் ஆறு என்று சொல்லிச் சாதிக்கிறீர்கள் என்றும், தானே போய்ச் சார்ஜனிடம் ஒத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார்.

வாளி நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது.

படிக்கிறவர்களுக்கு நம் மகள் ரோசாவைத் தெரியாது. ஜப்பான்காரன் காலத்தில் எனக்கும் அவளுக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. எனக்கு நினைவு திரும்பியபோது அவளைப் புதைத்திருந்தார்கள். நீங்கள்தான் தனியாகத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தீர்கள். சண்டை முடிந்து நான் போய்ப் பார்த்தபோது பலகைச் சிலுவையில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. அதற்குள் அவசரகாலம் வந்தது, வேலி வந்தது, இடுகாடு வேலிக்கு வெளியே போய்விட்டது. அந்தப் பக்கம் ஆளைப் பார்த்தால் சுடலாம் என்று உத்தரவு. நான் அவள் பேச்சையே விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிட்டீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த மனிதரிடம், ஒன்றும் சொல்ல வேண்டாம், பேசாமல் கேட்டில் நில்லுங்கள் என்றேன். கேட்டைத் திறந்துவிட்டதற்கு அவரை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருந்தது.

கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பூசைக்கு வந்த சாமியாரிடம் போனேன். பழைய இடுகாட்டில் நம் பிள்ளைகள் விளக்கில்லாமல் கிடக்கிறார்கள், தொரையிடம் கேட்டுக் காவலோடு ஒரு மணி நேரம் போய் மந்திரிக்க விடச் சொல்லுங்கள் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மற்ற பெண்களும் வந்து நின்றார்கள். என்னோடு பேசாமல் இருந்தவர்கள்தான். தொரை கடைசியில் சரி என்றார். சார்ஜனையே கூட அனுப்பினார்.

பகல் வெயிலில் வரிசையாகப் போனோம். லாலான் புல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. துப்பாக்கியோடு வந்த காவல்காரர்களில் கேட்டைத் திறந்துவிட்ட அவரும் இருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

புல்லுக்கு நடுவில் ஓர் இடம் மட்டும் சுத்தமாகச் செதுக்கியிருந்தது. செம்மண். நடுவில் அந்தச் சிலுவை. பால் டின்னில் சிமெண்ட் கரைத்து ஊற்றி அதில் நிறுத்தியிருந்தீர்கள். இரண்டு பட்டையையும் நடு ஓட்டையில் சேர்த்து ஒரே போல்ட்டால் இறுக்கி, கார் பம்பருக்கு அடித்த வெள்ளிப் பெயிண்டையே அடித்திருந்தீர்கள். என்னதான் தட்டியிருந்தாலும் பட்டையின் வளைவு முழுதும் போகவில்லை. இரண்டு கையும் லேசாக முன்னால் வளைந்திருந்தன, பிள்ளையைத் தூக்கப் போகிறவர் கை மாதிரி. உளியால் புள்ளி புள்ளியாக அடித்து ரோசா என்று எழுதியிருந்தது.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். தலையைத் தூக்கியபோது சார்ஜன் பக்கத்தில் குந்தியிருந்தார். கத்தி முனையால் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டி, போல்ட்டைத் தடவிப் பார்த்தார்.

"இதுவா அந்தப் பட்டை?"

"இதுதான்."

"கேட்டை யாரு தொறந்து விட்டது?"

பின்னால் பூட்ஸ் சத்தம் ஒன்று அசைந்து நின்றது எனக்குக் கேட்டது. நான் சிலுவையையே பார்த்துக்கொண்டு சொன்னேன். "கேட்டுல போகல சார்ஜன். வேலிக்கு அடியில ஓடை போகுதுல்ல, அதுல பூந்து போயிருக்காரு."

"அந்த ஓடையில நாய்கூட பூராது."

"நாய் பூராது. பெத்த அப்பன் பூந்திருவான்."

சார்ஜன் எழுந்து காவல்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு சாமியாரைப் பார்த்து, சீக்கிரம் முடித்துக்கொள்ளச் சொன்னார்.

உங்களை உடனே விட்டுவிடவில்லை. சிலுவையை அளந்தார்கள், காரில் இருக்கிற பட்டையோடு ஒத்துப் பார்த்தார்கள், மேலே கேட்டு எழுதினார்கள். வேலியைத் தாண்டிய குற்றத்துக்கு எச்சரித்து ஒருவழியாக அனுப்பினார்கள். நீங்கள் லயத்துப் படியில் ஏறும்போது உங்கள் பாதி உடம்புதான் திரும்பி வந்திருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீயும் வருவேன்னு நிப்ப. ஒன்னக் கூட்டிப் போய்ச் சுட்டுட்டான்னா?"

நான் அழுதுவிட்டேன்.

ஆனால் யார் சொன்னது? அதை மட்டும் நீங்கள் சொல்லவே இல்லை. ஸ்டேசனில் உங்களுக்குத் தெரியவந்தது என்று எனக்கு நிச்சயம். ஏனென்றால் திரும்பி வந்த பிறகு எல்லோரையும் நேராகப் பார்த்துப் பேசினீர்கள், மண்டோரைத் தவிர. அப்படியானால் அவர்தானா? இல்லை, அவரை நான் சந்தேகப்படட்டும் என்று வேறு யாரையாவது மறைத்தீர்களா? மண்டோர் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக வண்டி கேட்டு வந்தபோது, சாவியை எடுத்துக்கொண்டு போனீர்கள். வளைவில் மெதுவாகப் போங்கள் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. உங்களை ரோசாவுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். இப்போது அந்தப் பாதையில் யாரும் யாரையும் நிறுத்திக் கேட்பதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அடக்கத்துக்கு அந்த மனிதரும் வந்திருந்தார். அவரிடம் தனியாகக் கேட்டேன், எத்தனை தடவை கேட்டைத் திறந்துவிட்டீர்கள் என்று. ஒரே தடவைதான் என்றார். சிலுவை நடுவதற்கு ஒரு தடவை போதும். அப்படியானால் மற்றச் சாயங்காலங்களில் உங்கள் முழங்காலில் செம்மண் எப்படி வந்தது? வேறு யாராவது திறந்துவிட்டார்களா? நிஜமாகவே ஓடையில் புகுந்தீர்களா? இல்லை, நான் அறியாத வேறு இடம் ஒன்று இருந்ததா? இந்தச் சந்தேகம் எனக்கு இருக்கிறது. இது என் வீட்டுச் சந்தேகம். நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். ஊரார் இதில் கை வைக்கக் கூடாது.

செரண்டாக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கைத் தூக்கிக்கொள்வதானால் தூக்கிக்கொள்ளுங்கள், பின் ஸ்பிரிங்கை முதலில் மாற்றுங்கள் என்றேன். ஒரு பொம்பளை ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுவதை அவர் நம்பாத மாதிரியே பார்த்தார். அப்புறம், கேட்டைத் திறந்துவிட்டவர் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறாரா என்று சாதாரணமாகக் கேட்டார். எதற்குக் கேட்கிறார்? சும்மாதான் கேட்டிருப்பார். இருந்தாலும் நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களும் அதைத்தான் தேடுவார்கள். இதில் அவர் பெயர் இல்லை. அவர் எந்த சாதி சனம், தமிழரா மலாய்க்காரரா, அதுவும் இல்லை. நீங்கள் அடைபட்டுக் கிடந்து வாயைத் திறக்காத விஷயத்தை, வெளியே இருக்கிற நானா திறப்பேன்? நாளைக்கு அவரே வந்து சொல்லச் சொன்னாலும், நீங்கள் ஓடையில் போனதாகத்தான் சொல்வேன்.

இது சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
ரோசாவின் அம்மா
ஞானம்மா